முப்பது வருஷம் மூடி வைத்த குடும்பக் கதையை வடசென்னையில் வைத்து எழுதுவது எப்படி?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீடு. அப்பா பின்னி மில் தொழிலாளி, 1995இல் ஒரு ராத்திரி "காணாமல் போகிறார்". அண்ணனுக்கு அப்போது 11 வயது, தங்கைக்கு 8, கடைக்குட்டித் தம்பிக்கு 5. 2025இல் அம்மா காலமான பிறகு வீட்டை விற்கப் போகிறார்கள், பழையது கிளம்புகிறது. குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்த அப்பாவைத் தடுக்கப் போய் அண்ணன்தான் அம்மிக்குழவியால் தலையில் போட்டுவிட்டான், அம்மா மறைத்துவிட்டாள் என்பதுதான் உண்மை. அதை வெளியே கொண்டுவர நீங்கள் யோசித்திருப்பது மூன்று: பரணில் கிடைக்கும் அம்மாவின் டைரி, டாக்டர் ஹிப்னாடிசம் செய்ததும் தம்பிக்குத் திரும்பும் ஞாபகம், சமையலறைத் தரைக்குக் கீழே பிணம். நம்பும்படி இருக்குமா, சட்டம் என்ன சொல்லும், நிஜத்தில் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் சிவில் வக்கீல். பாகப்பிரிவினை, வாரிசு, உயில் என்று வடசென்னைக் குடும்பங்களின் பீரோ காகிதத்தில்தான் பிழைப்பு ஓடுகிறது. மிச்ச நேரத்தில் குற்ற நாவல் படிக்கிறேன். அதனால் பதில் நீளும்.

முதலில் அந்த மூன்றையும் எடுத்துவிடுங்கள். நல்ல கதையை வைத்துக்கொண்டு வாடகைக்கு எடுத்த திருப்பங்களை ஏன் போட வேண்டும்? 1995இல் பழைய வண்ணாரப்பேட்டையில் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மில் சம்பளம் வருமா வராதா என்று தவித்த ஒரு பெண் உட்கார்ந்து டைரி எழுதியிருக்க மாட்டாள். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எழுதியிருப்பாள். அதைப் பிறகு பயன்படுத்திக்கொள்ளலாம்.

தரைக்குக் கீழே பிணம் என்பது தனி பங்களாவுக்கான யோசனை. உங்கள் வீடு எப்படி இருக்கும் என்று பாருங்கள். முன் போர்ஷனில் வீட்டுக்குச் சொந்தக்காரரான உங்கள் கதைக் குடும்பம், பின்னால் மூன்று நாலு போர்ஷனில் குடித்தனக்காரர்கள், நடுவில் ஒரு முற்றம், அதில் ஒரே அடிபம்பு, மூலையில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கக்கூஸ். ராத்திரி ஒருவர் இருமினால் மூன்றாவது போர்ஷனில் திரும்பிப் படுப்பார்கள். காலையில் தண்ணீர் அடிக்க நாலு மணிக்கே குடம் வரிசையில் நிற்கும். இந்த இடத்தில் தரையைத் தோண்டி ஆளைப் புதைத்துவிட்டு, மறுநாள் "அவரு வெளியூர் போயிட்டாரு" என்று சொல்ல முடியுமா? அலறல் கேட்டிருக்கும். சட்டென்று நின்றதும் கேட்டிருக்கும்.

உங்கள் நாவலுக்கான பெரிய வரமே இதுதான். வடசென்னையில் ஒரு குடும்பம் தனியாக ரகசியம் காக்க முடியாது. அக்கம்பக்கமும் சேர்ந்து காத்தால்தான் அது நிற்கும். அப்படியென்றால் மறைந்த கடந்த காலம் யாருக்கு மறைந்தது? கடைக்குட்டிக்கு மட்டும். மற்ற எல்லாருக்கும் ஆளுக்கொரு துண்டு தெரியும், யாரும் வாயைத் திறப்பதில்லை. உண்மை என்ன என்று தேடும் நாவலை விட, இத்தனை பேர் ஏன் பேசவில்லை என்று தேடும் நாவல் ரொம்ப ஆழமாகப் போகும். நான் சொல்ல வருவதன் சாரம் இதுதான். மீதியெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

ஏன் பேசவில்லை? போலீஸ் பயம் ஒன்று. அந்த அம்மா அடி வாங்கியதைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்த குற்ற உணர்ச்சி ஒன்று. இன்னொன்றை நான் உங்களுக்குச் சும்மாவே தருகிறேன்: வாடகை. அம்மா வீட்டுக்காரம்மா. 1995க்குப் பிறகு அவள் பின் போர்ஷன் வாடகையை ஏற்றவே இல்லை. யாரும் யாரையும் மிரட்டவில்லை, பேரம் பேசவில்லை. அடுத்த வருஷம் வாடகை ஏற்ற வேண்டிய மாதம் வந்தது, அவள் கேட்கவில்லை, அவர்களும் ஏன் என்று கேட்கவில்லை. அப்படியே முப்பது வருஷம். வீட்டை விற்கப் போகும்போது மகள் அம்மாவின் கணக்கு நோட்டைப் புரட்டுகிறாள். எம்.சி. ரோடு ஜவுளிக்கடை இலவசமாகக் கொடுத்த டைரியில், பால் கணக்குக்கும் சீட்டுக் கணக்குக்கும் நடுவில், மாதாமாதம் அதே நூற்றி எண்பது ரூபாய். மெட்ரோ ரயில் 2019இல் வண்ணாரப்பேட்டைக்கும், 2021இல் விம்கோ நகர் வரைக்கும் வந்த பிறகு, சுற்றிலும் ஒவ்வொரு வீட்டிலும் வாடகை எகிறிக் கிடக்க, இங்கே மட்டும் நூற்றி எண்பது. ஒரு வாக்குமூலமும் இல்லாமல் கொலை அந்த நோட்டில் இருக்கிறது.

சரி, பிணம்? கடலில் போட்டார்கள் என்று எழுதாதீர்கள். காசிமேட்டுக்காரர்கள் சிரிப்பார்கள், கடல் திருப்பிக் கொடுத்துவிடும் என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொருக்குப்பேட்டை பக்கத்தில்தானே இருக்கிறது. சரக்கு ரயில் யார்டு, ராத்திரி முழுக்க கூட்ஸ் வண்டி போக்குவரத்து. அம்மாவின் தம்பிக்கு ஒரு மீன்பாடி வண்டி இருக்கட்டும். விடியற்காலையில் மீன் ஏற்றப் போகும் மீன்பாடி வண்டியை அந்த ஏரியாவில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தார்ப்பாய், மேலே ஐஸ் பெட்டி. அவ்வளவுதான். மறுநாள் தண்டவாளத்தில் அடையாளம் தெரியாத ஆண் பிணம். ரயில்வே போலீஸ் அந்தக் காலத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174ஆம் பிரிவில் சந்தேக மரணமாகப் பதிவு செய்து, ஸ்டான்லி பிணவறைக்கு அனுப்புவார்கள். ஊர்ப் பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் அதே ஸ்டான்லிதான்.

இனிதான் நாவலின் நடுக்காட்சி. ஒரு கான்ஸ்டபிள் போட்டோவோடு தெருத் தெருவாக வருகிறார். உங்கள் வீட்டு முற்றத்துக்கும் வருகிறார். பம்படியில் ஏழெட்டுப் பெண்கள். போட்டோ கை மாறுகிறது. முதல் ஆள் பார்த்துவிட்டு, "தெரில சார்." அடுத்த ஆள், "இந்தப் பக்கம் பாத்ததில்ல சார்." கடைசியாக அம்மாவிடம் வருகிறது. பக்கத்து போர்ஷன் ஆயா அதை அவள் கைக்குப் போகவிடாமல் வாங்கி, "அது கொயந்தைக்குச் சோறு ஊட்டிக்கினு இருக்குது, அதுக்கு இன்னா தெரியும்" என்று கான்ஸ்டபிளிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். கான்ஸ்டபிள் போய்விடுகிறார். நின்றுபோன பம்பு மறுபடி அடிக்கப்படுகிறது. யாரும் அதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அதற்கப்புறமும் பேசவில்லை.

பிணத்தைப் புதைத்தது போலீஸ்தான், உரிமை கோர யாரும் வராத பிணமாக. குடும்பம் செய்தது ஒரே ஒரு "தெரியாது". தோண்டி எடுக்க எலும்பு எதுவும் இல்லாததால், முப்பது வருஷம் கழித்து எடுக்க வேண்டியது அந்தச் சொல்லைத்தான். உளவியல் நாவலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தடய விவரம் ஒன்று. ரயில் அடித்துச் செத்ததற்கும், செத்த உடம்பின் மேல் ரயில் ஏறியதற்கும் பிரேதப் பரிசோதனையில் வித்தியாசம் தெரியும். உயிரோடு இருக்கும்போது பட்ட காயத்தில் ரத்தம் திசுவுக்குள் இறங்கியிருக்கும், செத்த பிறகு பட்ட காயத்தில் பெரும்பாலும் அது இருக்காது. ஸ்டான்லி டாக்டர் அதை ஒரு வரியில் எழுதி வைத்திருக்கலாம்: தலைக் காயம் மட்டும் உயிரோடு இருந்தபோது பட்டது. அந்த வரியை அன்றைக்கு யாரும் பின்தொடரவில்லை. பெயர் தெரியாத பிணத்துக்காக அலைய எந்த ஸ்டேஷனில் ஆள் இருக்கிறது?

இப்போது காகிதம். இங்கேதான் நீங்கள் டைரியும் ஹிப்னாடிசமும் இல்லாமலேயே கதையை ஓட்டப் போகிறீர்கள்.

வீடு அப்பா பெயரில். விற்க வேண்டுமென்றால் வாங்குபவரின் பேங்க் வக்கீல் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ் எல்லாம் பார்த்துவிட்டு முதல் கேள்வி இதைத்தான் கேட்பார்: "அப்பாவோட இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எங்க?" இறப்புச் சான்றிதழ் இல்லாமல் தாசில்தார் வாரிசுச் சான்றிதழ் தரமாட்டார். காணாமல் போனவருக்கு இறப்புச் சான்றிதழ் எப்படிக் கிடைக்கும்? ஏழு வருஷமாக, உயிரோடு இருந்தால் அவரைப் பற்றி இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் யாரும் எந்தத் தகவலும் கேள்விப்படவில்லை என்றால், அவர் இறந்துவிட்டதாகச் சட்டம் ஊகித்துக்கொள்ளும். பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு அது. புதிய சட்டத்திலும் அதே விதி தொடர்கிறது. அதற்காக சிட்டி சிவில் கோர்ட்டில் விளம்புகை வழக்கு, அதாவது அவர் இறந்துவிட்டதாக அறிவிக்கச் சொல்லிக் கேட்கும் வழக்கு, போட வேண்டும். போட்டால் கோர்ட் கேட்கும்: காணவில்லை என்று அன்றைக்கு போலீஸில் புகார் கொடுத்தீர்களா?

கொடுக்கவில்லை. ஒரு பெண்ணின் புருஷன் ராத்திரி வீட்டுக்கு வரவில்லை, அவள் முப்பது வருஷம் போலீஸ் ஸ்டேஷன் பக்கமே போகவில்லை.

இந்த மாதிரிக் கதையில் துப்பு என்பது இருக்கும் பொருளாக இருக்கக் கூடாது, நடக்காத காரியமாக இருக்க வேண்டும். புகார் கொடுக்கவில்லை. 1996இல் பின்னி மில் இழுத்து மூடியபோது ஊரே கணக்குத் தீர்க்க ஓடியது, இவள் புருஷனின் பி.எஃப். பணத்தைக் கேட்டுக்கூடப் போகவில்லை, அடுப்பில் பூனை தூங்கிய வருஷத்திலும். ரேஷன் கார்டில் அவர் பெயரை எடுக்கவில்லை. எடுக்க ஒரு காகிதம் வேண்டும், காகிதம் வாங்க ஒரு கதை சொல்ல வேண்டும். 2017இல் ஸ்மார்ட் கார்டு வந்து ஆதார் கேட்டபோதுதான் அந்தப் பெயர் தானாக உதிர்ந்தது.

செய்யாததையே அடுக்கிக்கொண்டு போய், செய்த ஒரே ஒரு காரியத்தை நடுவில் வையுங்கள். அம்மா நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டாள், தாலியைக் கழற்றவில்லை. தெருவுக்கு அவள் சுமங்கலி. ஆனால் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் முன்னோருக்குப் படையல் போடும்போது மாமனார் மாமியாருக்கு வைக்கும் இலைக்குப் பக்கத்தில் இன்னொரு இலை இருக்கும். அதில் கருவாட்டுக் குழம்பு, ஒரு கட்டு பீடி. மாமனார் பீடி குடித்ததில்லை. சின்ன வயதில் மகள் அதைப் பார்த்திருக்கிறாள், கேட்டதில்லை. முப்பத்தெட்டு வயதில் வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போது அந்த இலை ஞாபகம் வருகிறது. உயிரோடு இருக்கிறவருக்கு யாரும் படையல் போடுவதில்லை.

சட்டத்தில் இதற்கு ஒரு கசப்பான ஜோடி இருக்கிறது. ஏழு வருஷ விதி, ஆள் இறந்துவிட்டார் என்று மட்டும்தான் ஊகிக்கும், எந்தத் தேதியில் இறந்தார் என்பதை ஊகிக்காது. தேதி வேண்டுமென்றால் சாட்சியம் கொடுத்து நிரூபிக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் இரண்டு பேருக்குத் தேதி தெரியும்.

வக்கீல் ஆபீஸ் காட்சியை எழுதும்போது அவசரப்படாதீர்கள். நான் இத்தனை வருஷத்தில் பார்த்தது இது: கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டால் ரத்த சொந்தங்கள் பேச மாட்டார்கள், மாப்பிள்ளைதான் பேசுவார். "அப்பா எப்ப காணாம போனாரு?" என்று வக்கீல் கேட்கிறார். அண்ணன் மேஜை மேலிருக்கும் ஸ்டேப்ளரைப் பார்க்கிறான். தங்கை அண்ணனைப் பார்க்கிறாள். தம்பி இரண்டு பேரையும் பார்க்கிறான். தங்கையின் வீட்டுக்காரர்தான், "அது சார், தொண்ணூத்தி அஞ்சு... தீபாவளிக்கு முன்னாடினு சொல்லுவாங்க" என்கிறார். அவர் அந்தக் குடும்பத்துக்குள் வந்தது 2010இல். சம்பவம் நடந்தபோது இல்லாத ஆள் மட்டுமே அதைப் பற்றிப் பேச முடிகிறது.

வழக்கு போட வாதிகள் மனுவில் சரிபார்ப்புக் கையெழுத்துப் போட வேண்டும்: இதில் சொன்னதெல்லாம் எனக்குத் தெரிந்தவரை உண்மை என்று. அப்புறம் கூண்டில் ஏறி அதையே சத்தியம் செய்து சொல்ல வேண்டும். தெரிந்தே பொய்ச் சாட்சி சொன்னால் அது தனிக் குற்றம். ஆக அம்மா முப்பது வருஷமாகக் காகிதத்தில் எழுதாமல் தப்பித்த பொய்யை, இப்போது பிள்ளைகள் கோர்ட் மனுவில் எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். பணம் மூன்று பேருக்கும் தேவை. தங்கை பேனாவை வாங்கி, மூடியைக் கழற்றி, மறுபடி மூடி வைத்துவிடுகிறாள். உங்கள் நாவலின் முதல் அத்தியாயம் இதுவாக இருக்கலாம்.

ஹிப்னாடிசத்தை ஏன் எடுக்கச் சொன்னேன் என்றால், நினைவு அப்படி வேலை செய்வதில்லை. பூட்டிய அறையில் பழைய படச்சுருள் பத்திரமாக இருக்கிறது, சாவி போட்டால் ஓடும் என்று சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. கேம்பிரிட்ஜில் பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932லேயே எழுதிவிட்டார்: நாம் ஒவ்வொரு முறை நினைவுகூரும்போதும் அதைப் புதிதாகக் கட்டுகிறோம், கிடைத்த துண்டுகளையும் கேட்ட கதைகளையும் சேர்த்து. ஹிப்னாடிசம் செய்தால் சொல்பவரின் உறுதிதான் கூடும், உண்மை கூடுவதற்கு உத்தரவாதம் இல்லை. சட்டப்படியும் பிரயோஜனமில்லை. உண்மை அறியும் மருந்து, பொய் கண்டறியும் கருவி, மூளை வரைபடச் சோதனை எதையும் ஒருவரின் சம்மதமில்லாமல் செய்யக் கூடாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் செல்வி எதிர் கர்நாடகா வழக்கில் சொல்லிவிட்டது.

ஆனால் தம்பியின் ஞாபகத்தில் ஒரு பொன்முட்டை இருக்கிறது. 1995இல், தற்செயலாக உங்கள் கதை நடக்கும் அதே வருஷம், எலிசபெத் லாஃப்டஸ், பிக்ரல் என்ற உளவியல் ஆய்வாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 24 பேரிடம் அவர்கள் குடும்பத்தார் சொன்ன மூன்று உண்மைச் சம்பவங்களோடு, சின்ன வயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோய் அழுதாய் என்று ஒரு பொய்ச் சம்பவத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஏறக்குறைய கால்வாசிப் பேர் அந்தப் பொய்யையும் முழுசாகவோ அரைகுறையாகவோ தங்கள் நினைவாக ஏற்றுக்கொண்டார்கள். சிலர் அதில் இல்லாத விவரங்களையும் சேர்த்துச் சொன்னார்கள். வீட்டில் பெரியவர்கள் சொல்லும் கதைக்கு அத்தனை பலம்.

உங்கள் தம்பிக்கு ஐந்து வயது. ஐந்து வயதில் துண்டு துண்டாக ஏதாவது நிற்கும், மூன்று வயதுக்கு முன்னால் நடந்தது பெரும்பாலும் நிற்காது. அவனுக்கு நைனாவைப் பற்றி ஒரே ஒரு தெளிவான ஞாபகம்: வாசலில் தூக்கி வைத்துக்கொண்டு, கன்னத்தில் தாடி குத்தக் குத்த முத்தம் கொடுத்து, "நைனா வர்றேன் கண்ணு" என்று சொல்லிவிட்டுத் தெருமுனையில் திரும்பிப் பார்த்தது. வாழ்க்கை முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறான். தன் பிள்ளைக்கும் அப்படியே முத்தம் கொடுக்கிறான். அந்த ஞாபகம்தான் பொய். அழுத பிள்ளையைத் தூங்க வைக்க அம்மா ராத்திரி ராத்திரி சொன்ன கதை அது. பயங்கரமான காட்சி திரும்பி வருவதைவிட, இருந்த ஒரே நல்ல காட்சி பறிபோவது எத்தனையோ மடங்கு கொடூரம். அண்ணன் உண்மையைச் சொல்லும்போது தம்பி முதலில் கேட்கப் போவது, "நீ ஏன் அடிச்ச" என்று அல்ல. "அப்ப அந்த முத்தம்?" என்றுதான்.

இன்னொரு விஷயம். போனவர் செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாமல் காத்திருப்பவர்களின் துக்கத்தை பாலின் பாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் தனியாக ஆராய்ந்தார், வியட்நாம் போரில் காணாமல் போன சிப்பாய்களின் குடும்பங்களை வைத்து. அந்தத் துக்கத்துக்கு முடிவு கிடையாது, சடங்கு கிடையாது. கடலுக்குப் போன படகு திரும்பாத வீடுகள் ராயபுரம், காசிமேடு பக்கம் இருப்பதால் இது நமக்குப் புத்தகத்தில் படிக்க வேண்டிய சங்கதி இல்லை. உங்கள் குடும்பத்தில் அந்தத் துக்கம் நிஜமாக இருப்பது தம்பி ஒருவனுக்குத்தான். சென்ட்ரலில், பாரிமுனையில் நரைத்த கிழவர் யாரைப் பார்த்தாலும் அவன் ஒரு நொடி நின்று பார்ப்பான். அண்ணன் அதை எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். அவனுக்குத் தண்டனை என்று தனியாக எதுவும் எழுதத் தேவையில்லை.

சரி, சட்டப்படி அண்ணன் கொலைகாரனா? இதை நீங்கள் கவனிக்கவே இல்லை, ஆனால் கதையின் மிகப் பெரிய திருப்பம் இங்கேதான் படுத்திருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டம் 82ஆம் பிரிவின்படி ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை செய்வது எதுவும் குற்றமே அல்ல. 83ஆம் பிரிவின்படி ஏழிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள், தான் செய்வதன் தன்மையும் விளைவும் புரியும் அளவு முதிர்ச்சி இல்லாத பிள்ளை செய்ததும் குற்றமல்ல. அண்ணனுக்கு 11. முதிர்ச்சி இருந்தது என்றே கோர்ட் முடிவு செய்திருந்தாலும், அன்றைக்கு அமலில் இருந்த 1986ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தின்படி 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பையனைத் தூக்கிலும் போட முடியாது, ஜெயிலிலும் போட முடியாது. போதாததற்கு, அம்மாவின் உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் அடித்திருந்தால் தற்காப்பு உரிமை அடுத்தவர் உடம்பைக் காக்கவும் செல்லும்.

ஆக, மறுநாள் காலையில் அம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு வக்கீலிடம் போயிருந்தால் பையன் பெரும்பாலும் வீட்டுக்கே திரும்பியிருப்பான். அவள் போலீஸுக்குப் பயந்தாள், சட்டம் என்ன சொல்கிறது என்று அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. மறைத்ததால்தான் நிஜமான குற்றம் பிறந்தது: தடயத்தை மறைத்தல், 201ஆம் பிரிவு, அதுவும் அவள் மேலும் அவள் தம்பி மேலும். பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, அவன் தன்னைக் கொலைகாரன் என்று முப்பது வருஷம் நம்பும்படி செய்துவிட்டாள். நாற்பத்தொரு வயதில், தலை நரைத்துப் போய், வேறு வேலையாக வந்த வக்கீல் ஆபீஸில், "ஒரு பேச்சுக்குக் கேக்கறேன் சார், பதினோரு வயசுப் பையன் ஒருத்தன்..." என்று அவன் ஆரம்பிக்கிறான். வக்கீல் கைபேசியைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகப் பதில் சொல்கிறார். இந்தக் காட்சியை மட்டும் மெதுவாக எழுதுங்கள், அவன் முகத்தை விவரிக்காதீர்கள்.

பங்குச் சண்டைக்கு ஒரு கத்தியும் உண்டு. கொன்றவருக்குக் கொல்லப்பட்டவரின் சொத்தில் வாரிசுரிமை கிடையாது என்கிறது இந்து வாரிசுரிமைச் சட்டம் 25ஆம் பிரிவு. நம் மாப்பிள்ளை மாதிரி ஆட்கள் இந்த மாதிரிப் பிரிவுகளை யூடியூபில் பார்த்துத் தெரிந்து வைத்திருப்பார்கள். பதினோரு வயதுப் பையன் விஷயத்தில் அது செல்லுமா என்பது வேறு வாதம். ஆனால் உண்மை வெளிவந்தால் மற்ற இருவருக்கும் பங்கு கூடலாம் என்ற எண்ணம் அந்த வீட்டுக்குள் ஒரு தடவை நுழைந்துவிட்டால் போதும்.

நிஜத்தில் நடந்திருக்கிறதா என்றால், ராயபுரம் பெயர் வந்ததுமே பழைய ஆட்களுக்கு 1952ஆம் வருஷத்து ஆளவந்தார் கொலை வழக்குதான் ஞாபகம் வரும். பேனா வியாபாரி ஒருவர் ராயபுரத்து வீட்டில் கொல்லப்பட்டார். உடல் டிரங்குப் பெட்டியில் ரயில் ஏறி மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்டது, தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. தண்டிக்கப்பட்ட தம்பதியில் கணவருக்கு ஏழு வருஷம், மனைவிக்கு மூன்று வருஷம். அந்தக் காலத்தில் அதற்குக் கிடைத்த பரபரப்பு கொஞ்சநஞ்சமல்ல. உங்களுக்கு அதில் பயன்படக்கூடியது டிரங்குப் பெட்டி இல்லை. கொலை வழக்கில் தண்டனை ஏன் அவ்வளவு குறைவு என்பதைப் பாருங்கள். செத்தவரின் நடத்தை கோர்ட்டின் கண்ணிலும் தெருவின் கண்ணிலும் எடை போடப்பட்டது. உங்கள் பம்படிப் பெண்கள் செய்ததும் அதே எடைபோடுதல்தான், தீர்ப்பு எழுதாமல்.

வடசென்னை என்றதும் அரிவாளும் கேரம் போர்டும் கஞ்சாவும் வந்துவிடுகிறது. உங்களுக்கு அது வேண்டாம். மணலி பக்கமிருந்து காற்று திரும்பும்போது வரும் வாடை, கண்டெய்னர் லாரி வரிசை, ராத்திரி கப்பல் ஊதும் சத்தம் எல்லாம் தொட்டுக்கொள்ளும் அளவுக்குப் போதும். பாஷையையும் அளவாக வையுங்கள். எல்லார் வாயிலும் "இன்னாபா" என்று போட்டால் காமெடி ஆகிவிடும். அம்மா பிள்ளைகளிடம் ஏரியாப் பாஷையில் பேசட்டும். பொய் சொல்லும்போது மட்டும் அவள் தமிழ் திருத்தமாக மாறட்டும்: "அவர் வெளியூர் போயிருக்கிறார்." கூர்ந்து படிக்கிறவர் மூன்றாவது தடவையில் பிடித்துவிடுவார்.

யார் பார்வையில் சொல்வது? தங்கைதான். அண்ணனுக்கு எல்லாம் தெரியும், தம்பிக்கு எதுவும் தெரியாது, இரண்டிலும் கதை சொல்ல வழியில்லை. எட்டு வயதுப் பெண் அரைத்தூக்கத்தில் கேட்டது, மறுநாள் அம்மி மட்டும் இருந்து குழவி இல்லாதது, அம்மா இரவல் குழவியில் அரைத்தது, அவள் கேட்காமல் விட்டது, எல்லாம் அவளிடம் இருக்கிறது. பெண் பிள்ளை கேட்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டதும் சேர்ந்துகொள்ளும்.

கடைசியாக போலீஸ். கொலைக்குக் காலக்கெடு கிடையாது, முப்பது வருஷம் கழித்தும் வழக்கு எடுக்கலாம். ஆனால் உங்கள் நாவலில் போலீஸ் திரும்ப வரத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். வந்தே தீர வேண்டுமென்றால் ஒரு ரிட்டயர்டு கான்ஸ்டபிளாக வரட்டும், அன்றைக்குப் போட்டோ எடுத்து வந்தவர். பம்பு நின்றது ஏன் என்று அவருக்கும் அன்றைக்கே தெரிந்திருக்கலாம். அப்புறம் ஒரு சின்ன எச்சரிக்கை: 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டம் அமலில் இருந்தாலும், 1995இல் நடந்த குற்றத்துக்கு இ.பி.கோ. பிரிவுகள்தான் பொருந்தும். கதை 2025இல் நடக்கிறது என்று புது எண்களைப் போட்டுவிடாதீர்கள், எங்கள் ஆட்கள் முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.